சாட்சிக் கையெழுத்து

ஆடிப் பொருட்காட்சிக்கென்று
ஆயிரத்து இருநூறு ஒதுக்கியிருந்தோம்.
பனங்காட்டிலிருந்து ஒரே எக்ஸெல்லில் நாலு பேர்.
போலீஸ் நிற்கும் என்று சந்து சந்தாக வந்ததில்
முன்னால் குந்தியிருந்த கவினுக்குக் கால் மரத்துவிட்டது.

போஸ் மைதான வாசலிலேயே
பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடித்து
முதல் நூறை உடைத்தான்.

வளையம் எறிவதில் எண்பது போனது.
கைக்கடிகாரத்துக்குக் குறிவைத்ததெல்லாம்
கடைக்காரன் செருப்பருகே சுழன்று படுத்தன.
தர்ஷிணிக்கு விழுந்தது ஒரு சோப்பு.
முகர்ந்து முகர்ந்து பார்த்து
"ஜெயிச்ச வாசனைப்பா" என்றாள்.

தட்டுவடை செட்டு நம்ம தெருவிலேயே இருக்கு,
அதை இங்கே எதுக்கு என்று சுகுணா தடுத்துவிட்டதால்
டெல்லி அப்பளம்.
என் முகத்தைவிடப் பெரிது.
மிளகாய்த்தூள் தூவின வேகத்தில்
பக்கத்தில் நின்றவர் தும்மினார்.

அரசுத்துறை அரங்குகளைச் சுற்றினால்தான்
நுழைவுச் சீட்டின் காசு வசூலாகும்
என்பது அவள் கொள்கை.
"படிக்கிற பிள்ளைங்க, நாலு விஷயம் தெரியட்டும்."

மேட்டூர் அணை ஒரு கட்டில் அளவு இருந்தது.
மோட்டார் போட்டுத் தண்ணீர் வழிந்தது.
"இதுல முதலை எங்க?" என்று கவின் கேட்டதற்கு
அங்கிருந்த அலுவலர்
போனிலிருந்து தலை தூக்கவில்லை.
அடுத்ததில் பஞ்சடைத்த காட்டுமாடு.
கண்ணுக்குப் பதில் இரண்டு கோலிக்குண்டு.

சுகாதாரத்துறையில் அவள் நின்றுவிட்டாள்.
மேசைமேல் ஒரு மனிதக் கண்,
தேங்காய் அளவில், பிளாஸ்டிக்கில்,
கழற்றி மாட்டும்படி.
வெள்ளைக் கோட்டுப் பெண்,
இன்னும் படிக்கிறவள்தான்,
சட்டைப் பட்டையில் நிலோஃபர் என்றிருந்தது,
முன்பக்கத்துச் சின்ன மூடியை மட்டும் எடுத்துக் காட்டி
"இதைத்தான் எடுப்போம்" என்றாள்.

"பதினெட்டு வருஷமா
கொலுசுக்குப் பொடி வச்சு ஊதுற கண்ணும்மா.
பவர் ஏறிக்கிட்டே போகுது.
இது ஆகுமா?"

"கண்ணாடி போட்டவங்களும் தரலாங்க்கா."

அவ்வளவுதான், படிவத்தை வாங்கிவிட்டாள்.
ஒரு மிக்ஸி வாங்க
மூன்று மாதம் யோசித்தவள்.

சாட்சி என்ற இடத்தில்
வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம்.
அப்பளத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள
பேனாவை வாங்கினேன்.
என் பெயருக்குக் கீழே
எண்ணெய்க் கட்டைவிரல் பட்ட இடத்தில்
காகிதத்தின் அந்தப் பக்கம் தெரிந்தது.

இப்போ எதுக்குடி இதெல்லாம் என்று
கேட்கத்தான் வாய் வந்தது.
அதற்குள் தர்ஷிணி
"கை கழுவிக்கப்பா" என்று சோப்பை நீட்டினாள்,
அதுவரை உறை பிரிக்க யாரையும் விடாதவள்.

ராட்டினத்துக்கு
மிச்சம் இருநூற்று நாற்பது.
கச்சிதமாக நாலு டிக்கெட்.
ஏறும் முன்பே கண்ணாடியைக் கழற்றிப்
பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.
விழுந்தால் இரண்டாயிரம்.

நாங்கள் உச்சியில் இருக்கும்போது
கீழே ஆள் ஏற்றுவதற்காகச் சக்கரம் நின்றது.
பெட்டி ஆடியது.
வடக்கே சேர்வராயன்.
மலை தெரியவில்லை, விளக்குகள்தான்.

"என்னங்க தெரியுது?"
கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஒரு வண்டி இறங்குது என்றேன்.
திரும்புது. காணோம்.
இரு, வந்துருச்சு.
"அப்புறம்?"
மறுபடி காணோம்.
பஸ் என்றான் கவின். இல்லை லாரி என்றாள் அக்கா.
சண்டையில் பெட்டி இன்னும் ஆடியது.

சுகுணா கண்ணைச் சுருக்கி
வண்டி இல்லாத ஒரு பக்கமாகப்
பார்த்துக்கொண்டிருந்தாள், சிரித்தபடி.

தாடையைத் தொட்டு
இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.
எத்தனையாவது கொண்டை ஊசி என்று கேட்டாள்.
எண்ணத் தொடங்கினேன்,
சக்கரம் நகர்ந்துவிட்டது.