பாதிக்கு இடமில்லை

கட்டிலின் கால்மாட்டில்
ஒரு ஜோடி மிதிகட்டையை வைத்தாள் பெனசிர்.
சக்கரம் இல்லை. செயின் இல்லை. பிரேக் இல்லை.
"படுத்துக்கிட்டே மிதிங்கண்ணா, பத்து நிமிஷம் போதும்."

சிரிப்பு வந்தது.
காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டி
இருபத்திரண்டு வருஷம் மிதித்தவன் நான்.
மோட்டார் வைத்துக்கொண்டவர்கள் கடக்கும்போது
புகையை என் முகத்தில் துப்பிவிட்டுப் போவார்கள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
ஐஸ் உருகுவது முதுகுக்குத் தெரியும்.
பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் சீட்டை விட்டெழுந்து
முழு உடம்பையும் ஒரே காலில் நிறுத்தி இறக்குவேனே,
அந்தக் காலுக்கா பாடம்?

மிதித்தேன்.
மூன்றாம் நிமிஷம் தொடை துள்ளியது,
கூடையில் கொட்டிய சங்கரா போல.
பெனசிர் ஜன்னலைப் பார்த்தாள்.
நல்ல பெண்.

இடது கையில் ரெண்டு ஊசி.
ஒரு குழாயில் போகும் ரத்தம்
மறு குழாயில் குளித்துவிட்டு வருகிறது.
மணிக்கட்டுக்கு மேலே ஃபிஸ்டுலா:
காது வைத்தால்
ஃபைபர் போட் ஒன்று தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும்.
பூங்காவனம் தினமும் அதில் காது வைத்து
"ஓடுது" என்று தனக்கே சொல்லிக்கொண்டுதான் படுப்பாள்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.
கிட்னி கட்டாத பாக்கியை எலும்பு கட்டுகிறதாம்.
சுண்ணாம்பு எலும்பைவிட்டுக் கிளம்பி
ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டுகிறதாம்.
எனக்கு எங்கள் ஹவுசிங் போர்டு வீடுதான் தெரிந்தது:
உப்புக்காற்று தின்ற கம்பி உள்ளே பொரிந்திருக்கும்,
கூரை பிட்டுப் பிட்டாய்ச் சோற்றில் விழும்,
தேர்தல் வருஷம் வெளியே மட்டும் பெயிண்ட்.

கருவாடு கூடாது.
தெருமுனையில் தண்ணி லாரி, குடத்துக்குக் குடம் சண்டை.
எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
அந்தச் சண்டையில் நான் இல்லை என்பது
முதலில் அவமானமாக இருந்தது.

மூன்றாம் கட்டில் ஜக்கரியா, கன்டெய்னர் லாரிக்காரர்,
என் காலைப் பார்த்துக் கேட்பார்:
"எங்க போய்னு கீறே?"
"தேரடி தாண்டிட்டேன்."
"எண்ணூர்ல எறக்கி விடு, எனக்கு லோடு கீது."
சில நாள் எர்ணாவூரிலேயே மூச்சு வாங்கும்.
"டிராபிக்" என்பேன்.
ஒப்புக்கொள்வார். அந்த ரோடு அவருக்குத் தெரியும்.

மாதக் கடைசியில் பரீட்சை.
கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு
நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், முப்பது வினாடி.
நாலு தடவை. ஐந்தாவதில் பாதி.
"அந்தப் பாதியையும் எழுதும்மா."
"பாதிக்கு இடமில்லண்ணா."

ஒரு வியாழன்
மூன்றாம் கட்டிலில் வேறு யாரோ ஒருவரின் பாதம்,
நகத்தில் சிமெண்ட்.
நான் கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை.
அன்றைக்கு நிறுத்தாமல் மிதித்தேன்,
எண்ணூர் தாண்டி, பாலம் தாண்டி,
பிரஷர் இறங்கிக் கண் இருட்டும் வரை.
கட்டிலின் தலையைத் தாழ்த்திக்கொண்டே திட்டினாள் பெனசிர்:
"மூணாவது மணியில மிதிக்காதீங்கன்னு எத்தன தபா சொல்றது?"
லோடு இருந்தது என்று சொல்ல நினைத்தேன்.
வாய் உலர்ந்திருந்தது.

போன மாதம் ஆறு.
நேற்று ஏழு. அதில் கடைசி ஒன்று சந்தேகம்தான்,
ஆனால் எழுதிவிட்டாள்.

பாயிலிருந்து நான் எழுவதென்றால்
பூங்காவனம் வந்து நிற்பாள்,
கால் அகட்டி, கை நீட்டி,
படகை இழுப்பவள் மாதிரி.
இன்று விடியலில் ஒண்ணுக்கு வந்தது.
நாலும் பாதியுமாக
முழங்காலில் கை ஊன்றி
சுவரைப் பிடிக்காமல் நின்றுவிட்டேன்.
தூக்கக் கலக்கத்தில் அவள் நீட்டிய கை
பிடிக்க ஆளில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து
பிறகு
ஃபேனைக் குறைத்தது.