பக்கக் கண்ணாடி

எல்லைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
நாற்பதுக்கும் லாரிகள்.
மூன்று நாளாக என் கண்ணெதிரே
சம்பூவுடைய வண்டியின் பின்பக்கம்.
மனைவி முகத்தைவிட அதுதான் இப்போது
எனக்கு மனப்பாடம்.

கோபிப் பாலையின் தென்கோடியில் நின்றுகொண்டு
ஆண்கள் எவ்வளவுதான் பேசுவார்கள்?
டீசல், டயர், மல்யுத்தம்,
போன பனியில் யார் மந்தையில் எத்தனை செத்தது,
எல்லாம் முதல் நாளே தீர்ந்துபோனது.
இரண்டாம் இரவு சிக்னல் ஒரு கோடு வந்தது.
சம்பூ என் கேபினில் ஏறி உட்கார்ந்து
போனை நீட்டினான்.
"இது சால்மன் நிறமா, பீச் நிறமா?"

அந்த மீனை நாங்கள் பார்த்ததில்லை.
அந்தப் பழம் டப்பாவில் மட்டும் தெரியும், சர்க்கரைத் தண்ணீரில்.
நாற்பத்தாறு வயசு, எருதுக் கழுத்து,
ரேகைக்குள் கரி இறங்கிய இரண்டு விரலால்
ஒரு லினன் சட்டையைப் பெரிதாக்கினான்.
பெரிதாக்கப் பெரிதாக்க
காலர் வந்தது, தையல் வந்தது,
சிப்பியில் செய்த ஒரு பொத்தான்
திரை முழுக்க நிலாவாக நின்றது.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

சிரித்தேன்.
விலையைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன்.
"வீட்டில் சொன்னாயா?"
"அவளுக்கு எடுத்ததென்றால் சொல்லலாம்.
எனக்கு எடுத்ததை
எந்த வாயால் சொல்வது?"

யோசித்தால் நியாயம்தான்.
அவன் இதுவரை போட்டதெல்லாம்
யாரோ எடுத்துக் கொடுத்தது:
அம்மா, பட்டாளம், சுரங்கம், பிறகு அவள்.
கேட்டால் தன் அளவு தெரியாது.
டயர் அளவைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான்.

விடிந்ததும் என் கேபினில் ஐந்து பேர்.
உப்புத் தேநீர் ஆவியில் கண்ணாடி வெளுத்துவிட்டது.
தார்ப்பாய்க் கயிற்றால் சம்பூவின் தோளை அளந்து
முடிச்சுப் போட்டார்கள்.
லுவ்சான் சொன்னான்:
"தோள் தையல் எலும்பில் நிற்கணும்.
ஒரு விரல் இறங்கினாலும் அது இரவல் சட்டை."
உனக்கெப்படித் தெரியுமென்று எல்லோரும் திரும்ப,
காது சிவந்து இறங்கிப் போய்
தன் டயர்களை உதைத்துப் பார்க்கத் தொடங்கினான்.

அடுத்த சவாரியில் பார்சல் வந்திருந்தது.
வழிச் சாப்பாட்டுக்கடைக்காரி
அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்;
ஆட்டுக்கொழுப்பு வாசனையோடு பிரித்தோம்.
அன்றைக்கும் வரிசை. அன்றைக்கும் அசையவில்லை.
சம்பூ ஆட்டுத்தோலைக் கழற்றினான்,
கம்பளியை, அதற்குள் இன்னொரு கம்பளியை.
சட்டையை மாட்டிக்கொண்டு கீழே குதித்து
வண்டியின் பக்கக் கண்ணாடி முன் நின்றான்.
அது ஆளை முழுசாகக் காட்டுகிற கண்ணாடி இல்லை.
படியில் ஒரு கால் வைத்தால் காலர்,
பின்னால் சாய்ந்தால் ஒரு தோள்,
எம்பினால் மார்பில் ஒரு சாண்.
துண்டு துண்டாகத் தன்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டான்.

பின்னாலிருந்த லாரி முகப்பு விளக்கைப் போட்டது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
கேலியா, இல்லையா,
ஹாரன் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
அந்த வெளிச்சத்தில் சட்டை
மீனுமில்லை, பழமுமில்லை,
குளிரில் சிவந்த அவன் தோலின் நிறமாகவே இருந்தது.

அப்போதுதான், ஆறு மணி நேரத்துக்குப் பிறகு,
வரிசை நகர்ந்தது.
முன்னே முப்பதடி காலியாகக் கிடக்கிறது.
குறுக்கே புக எவனுக்கும் கை துறுதுறுக்கும் இடம்;
அதற்காக மண்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.
விறைத்த விரலால் சம்பூ
கடைசிப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான்.
ஒருவரும் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை.

பிறகு சட்டைக்கு மேல் கம்பளி, கம்பளி, ஆட்டுத்தோல்.
இனி அது அவனுக்கு மட்டும் தெரியும்.
ஆனால் வண்டியை வேறு மாதிரி ஓட்டினான்,
பள்ளத்துக்கு ஒதுங்கி, கசங்காமல்.

என் கூடையில் பதினோரு நாளாக
பழுப்புத் தோலில் ஒரு ஜோடி ஷூ.
வாங்கவுமில்லை, எடுத்தெறியவுமில்லை.
அன்றிரவு ஒரு கோடு வந்தபோது
கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டேன்.
வட்டம் சுற்றத் தொடங்கியது.
கோடு போய்விட்டது.
சுற்றிக்கொண்டே இருக்கிறது.