உறைபனி

கேத்திப் பள்ளத்தில் அன்று விடியலில்
கேரட் பாத்தியெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது.
வெயில் ஏறினால் இலை கருகும்.
எனக்குத் தெரியும். போஜனுக்கும் தெரியும்.
ஆனாலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்:
சாயங்காலமே ஸ்பிரிங்க்ளர் ஓட்டியிருக்கலாம்,
பூண்டு போட்டிருக்கலாம், மேல்காட்டை விற்று அந்தக் கடனை…
அவர் என் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிட்டு
மோட்டார் போடப் போனார்.

வாளித் தண்ணீர்மேல் கண்ணாடித் தகடாய்ப் பனி.
அதை உடைக்கவும் ஒரு வழி உண்டு,
சொல்லியிருப்பேன்,
குளிரில் வாய் கோணிக்கொண்டது.

ஊற்றிக்கொண்டே போனோம்.
நாலாவது பாத்தியில் அவராகப் பேசினார்,
கேரட்டைப் பற்றி அல்ல.
மாதி நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம்,
விளக்கும் போடாமல்.
கேட்டால், ஒன்றுமில்லை என்கிறாளாம்.

குன்னூர் டாக்டர் ஒருவரின் பெயர்
நாக்கு நுனிவரை வந்தது,
எந்தக் கிழமை வருவார் என்பதோடு.
"ம்" என்றேன்.

அந்த ஒரு 'ம்'மைப் பிடித்துக்கொண்டு
பாத்தி முடியும்வரை பேசினார்,
அதற்கப்புறமும்.
கீழே ரயில் ஊதிப் போனபோது மட்டும் நிறுத்தினார்.
எனக்கு முன்பே தெரிந்தது எதுவும் அதில் இல்லை.
இருபது வருட வேலி.

கிளம்பும்போது தாங்கவில்லை,
கழுத்துக்கு மப்ளர் சுற்றிக்கொள்ளுங்கள் என்றுவிட்டேன்.
சிரித்தார்.
சுற்றவில்லை.