கல் நீக்கி

கேத்தியில் அப்போது
காரட்டுக்கும் எங்களுக்கும் ஒரே தராசு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
மேட்டுப்பாளையம் லாரி கிளம்பிய பிறகு
இரும்புப் பலகையில் ஒட்டிய செம்மண்ணைச்
சாக்கால் துடைத்துவிட்டு
சிஸ்டர் கொன்சாகா கூப்பிடுவார்:
"அடுத்தது."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை.
முப்பத்தெட்டுப் பேர், பச்சை ஸ்வெட்டரில்.
அளவு தெரியாத யாரோ
கடலுக்கு அப்பால் பின்னி அனுப்பியவை.
என்னுடையதில் கை முழங்கால்வரை தொங்கும்.

அந்த டிசம்பரில் அமலிக்கு எடை இறங்கியது.
ஜனவரியிலும்.
புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்த காலையில்
ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனாள்.
ஜீப் திரும்பியது.
அவளுடைய தட்டைப் புதிதாக வந்தவளுக்குக் கொடுத்தார்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
செபமாலையில் ஒரு பத்துமணி கூடியதைத் தவிர.

எடை குறைந்தால் ஜீப் வரும்.
அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது.

ரயில் பாதையோரம் ஜல்லி பொறுக்கினோம்.
ஸ்வெட்டர் மடிப்புக்குள், பாவாடை நாடாவில்.
பனிமயம் வாய்க்குள்ளேயே ஒன்றை அடக்கிக்கொண்டு
"ஆமா சிஸ்டர்" என்பதை மூக்கால் சொன்னாள்.
மூன்று மாதம்
ஒருத்திக்கும் எடை குறையவில்லை.

சிஸ்டர் கண்ணாடியைத் துடைப்பார்,
குண்டை நகர்த்துவார், எழுதுவார்.

அடிக்கிற கைதான் அது.
பிரம்பில்லை, சாவிக்கொத்து.
பட்ட இடம் குளிரில் இரண்டு நாள் விறைக்கும்.
மன்னித்தேன் என்று சொல்ல நான் வரவில்லை;
ஓய்வூதிய ஆபீசில்
பிறந்த தேதிக்கு ஒரு காகிதம் கேட்டார்கள்,
வந்தேன்.

இல்லம் மூடி ஒன்பது வருடம்.
நாங்கள் படுத்த கூடத்தில் காளான் வளர்கிறது.
மூன்று கன்னியர் மீதி,
அதில் இளையவருக்கு அறுபத்தேழு.
சிஸ்டர் கொன்சாகா சில்வர் ஓக் மரத்தடியில்,
சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"பதிவேடு ஈரத்தில் கட்டியாயிடுச்சும்மா,
இருக்கறது இதுதான்" என்று
நீளமான கணக்கு நோட்டை நீட்டினார்கள்.
இடப்பக்கம் காரட், மூட்டை, மண்டி விலை.
வலப்பக்கம் நாங்கள்.
பிறந்த தேதி இல்லை.
தாய், தகப்பன் இடத்தில் கோடு.
அப்புறம் பென்சிலில், பொடி எழுத்தில்:

சலேத்து, பதினாறு கிலோ எண்ணூறு.
கல் நானூறு.
கல் நீக்கி பதினாறு நானூறு.
முட்டை.

எப்படித் தெரிந்தது?
யாரையும் உதறிப் பார்த்ததில்லை.
நானூறு என்று துல்லியமாக.
ராத்திரி ஸ்வெட்டர்களை அடுப்பங்கரையில்
உலர்த்திப் போட்டது யார் என்று
இதுவரை யோசித்ததுமில்லை.
காலையில் உடுத்தும்போது
கல் வைத்த மடிப்பிலேயே இருக்கும்,
கொஞ்சம் சூடாக.

இந்த நோட்டு ஆபீசுக்கு ஆகாது.

ஆனால் அந்த வருடம்
திங்கட்கிழமைகளில் என் கஞ்சிக்கு அடியில்
ஒரு முட்டை கிடக்கும்.
யாருக்கோ போகவேண்டியது
தவறி வந்துவிட்டதென்று நினைத்து,
யாரும் பார்க்குமுன்
மெல்லாமல் விழுங்கியிருக்கிறேன்,
வாரா வாரம்,
திருடியைப் போல.