கறுப்பு டேப்

கட்டைவிரல் அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை.
அதிலிருந்து கிளம்பும் வயர்
விளையாட்டுப் பெட்டிக்குள் போகிறது.
எழுதிக் கொடுத்தது நாற்பதே வரி:
பட்டனை அமுக்கு, விடு, மூன்று நொடி பொறு,
நரியை விட்டு ஓடு,
மறுபடி அமுக்கு.

நாலாயிரத்தில் ஒரு நரி மின்னுமாம்.
உட்கார்ந்து தேட எனக்கேது நேரம்?
ஹாம்மர்ஃபெஸ்ட் மீன் ஆலையில் விடிய விடிய
தலையைத் தள்ளு, உடலைத் திருப்பு,
அடுத்தது.
பலகைக்குச் சம்பளம் கிடையாது,
வித்தியாசம் அவ்வளவுதான் என்பான்
பக்கத்து மேஜை வில்மன்டாஸ்.

பாவம், கண்ணில்லை அதற்கு.
திரையில் நரி வந்து நிற்கும் இடத்தில்
ஒளி உணரி ஒன்றை டேப் போட்டு ஒட்டினேன்.
மின்னினால் நில். மணியடி.

மே மாதக் கடைசி. காலை ஆறு மணி.
மாடிப்படியில் ஓட்னி, இரவு உடையில்:
“பன்னிரண்டிலிருந்து கத்துகிறது உன் பிசாசு!”
மூன்று மூன்று படியாகத் தாவினேன்.

சாம்பல்.
வேலிக்கு வேலி கிடைக்கிற சாம்பல் நரி.

இந்த ஊரில் இப்போது சூரியன் விழுவதில்லை.
நள்ளிரவில் வடக்கு ஜன்னல் வழியே வந்து
டேப்பின் ஓரத்தில் கசிந்திருக்கிறது.
இப்போது ஒன்றும் தெரியாததுபோல்
ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது வெயில்.

ஆறு மணி நேரமாக
அசையாமல் நின்றிருந்தது நரி.
வயரைப் பிடுங்கினேன்.
மீன் வாடை போகாத விரலால்
நானே அமுக்கினேன்.
முதல் வலையில் தப்பியது,
இரண்டாவதில் விழுந்தது.

பெயர் வைக்கவா என்றது திரை.
ஓட்னி என்று வைத்தேன்.