இரண்டடித் தொட்டி

ஒஸ்காரைத்தான் முதலில் கேட்டேன்.
ஏகாம்பரம் வீதிக் கடையில் நிஸ்தார்
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
விரலால் கோடு இழுத்தார்.
"இவ்வளவு வரும். தொட்டி எத்தனை அடி?"

இரண்டு.
வாடகை அறையின் மேசை அவ்வளவுதான்.

நெற்றி புடைத்த ஃபிளவர்ஹோன்
கண்ணாடிக்கு அப்பால் நின்று
என் விரலைக் கடிக்கப் பார்த்தது.
துணை சேராதாம்,
தன் நிழலோடும் சண்டையாம்.
அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.
வழக்கு செப்டெம்பரில்.

"அப்ப இதுகள்" என்று மூலை வாளியைத் திறந்தார்.
உப்பாற்றில் இறால் வலைக்குள் தவறி ஏறியவை,
மஞ்சளாய், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில்.
சந்தையில் யாரும் நிறுத்து வாங்காததால்
பெயரே செல்லாக்காசு.
சோடி முன்னூறு ரூபா.
உப்பு ஒரு கரண்டி, தட்டையாய் ஒரு கல்.
வேறு வேண்டாம் என்றார்.

ஒன்பதாம் வாரம் கல்லில் முட்டைகள்.
இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறின.

இன்று காலை
ஊசிமுனைக் குஞ்சுகள்
தாயின் விலாவில், தகப்பன் விலாவில்
கொத்திக் கொத்தித் தின்கின்றன.
தின்னக் கொடுத்துக்கொண்டு
ஆடாமல் நிற்கின்றன இரண்டும்.

எட்டரை பஸ் போய்விட்டது.
மூன்றடித் தொட்டி என்ன விலை என்று
நிஸ்தாரிடம் கேட்க வேண்டும்.
மேசையும்.