இடப்பக்கச் சொற்கள்

டன்டீ நகரில்,
திமிங்கில எண்ணெய் வாடை இன்னும் போகாத
பழைய சணல் ஆலையின் இரண்டாம் மாடியில்
எய்ல்சா கின்னியருக்கு வேலை:
எந்த ஆங்கிலச் சொல் எந்தச் சொல்லோடு
குடித்தனம் நடத்துகிறது என்று எண்ணுவது.

மழை என்றால் ஹெவி.
காற்று என்றால் ஸ்ட்ராங்.
மாற்றிச் சொன்னாலும் புரியும்,
அயலூர் என்று காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவுதான்.
ஏன் இப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள்.
கட்டிலில் ஆளுக்கொரு பக்கம்
எப்போது முடிவானது, யாருக்குத் தெரியும்?

இந்த மாதத்துச் சொல் ஸ்ட்ரெஸ்.
திரையின் நடுவில் கம்பம் நட்டதுபோல்
வரிக்கு வரி அதே இடத்தில் நிற்கிறது.
இருபுறமும்
பாதியில் வெட்டிய மனிதர்கள்:

   …மூடிய நாளிலிருந்து சிவியர் ஸ்ட்ரெஸ், அதனால்தான் காரை நேராக…
   …இரட்டைக் குழந்தைகள், எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ், தூக்கம் என்பதே…
   …மாலுமி அக்யூட் ஸ்ட்ரெஸ் காரணமாக வரைபடத்தைத் தலைகீழாக…

காரை நேராக எங்கே விட்டான்?
வரி அங்கே முடிகிறது.
மீதியைப் படிக்க அவளுக்குச் சம்பளம் இல்லை.
இடப்பக்கச் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு
அடுத்த வரிக்கு இறங்கவேண்டும்.

இறங்கினாள்.

எல்லோருக்கும் முன்னால் அண்டர் என்றொரு குட்டிச்சொல்.
ஸ்ட்ரெஸுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை,
மேலே ஏறி உட்காருவதில்லை.
நீதிபதியும் பேக்கரிக்காரியும்
அதன் அடியில்தான்.

நெர்வஸ் மற்ற நாட்களில்
ஒரு சிரிப்போடு போகும், முதல்முறை பறப்பவனோடு போகும்.
பிரேக்டவுனைக் கண்டால் மட்டும்
கைப்பிடித்துவிட்டால் விடுவதில்லை.
நெடுஞ்சாலையில் நின்றுபோன வேனுக்கும்
அதே பிரேக்டவுன்தான்.
வேனுக்கு மஞ்சள் விளக்கு சுழல ஒரு லாரி வரும்.

பிரேக்கிங் பாயிண்ட்டை
எல்லோரும் ரீச் பண்ணுகிறார்கள்,
இருபத்திரண்டாம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தம்போல.
அங்கிருந்து திரும்பி வர என்ன வினைச்சொல்?
சாப்பாட்டு இடைவேளையில் தேடிப் பார்த்தாள்.
சாண்ட்விச் காய்ந்துபோனது.

நவம்பரில் நிதியைக் குறைத்தார்கள்.
ஐந்து பேர் செய்ததை இரண்டு பேர்.
பிறகு ராபி டங்க்லியும் க்ளாஸ்கோவுக்குப் போய்விட்டான்,
அவனுடைய பாதி டப்பா ஓட்ஸ் பிஸ்கட்
டிசம்பர்வரை அலமாரியில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெர்த் ரோட்டில்
பச்சை மனிதன் மூன்று முறை வந்து போனான்.
அவள் கடக்கவில்லை.
கால் வலிக்கவில்லை, அழவும் இல்லை,
கடப்பது என்பது
வேறு யாரோ செய்யும் காரியமாகத் தெரிந்தது.

டாக்டர் பெய்லி கேட்டார்:
எப்படி இருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

உங்கள் வார்த்தையில்!
நாற்பதாயிரம் வரிகள் கையில் இருந்தும்
அவள் வாயில் வந்தது:
"வெட். வெட் ஸ்ட்ரெஸ்.
நனைந்த கம்பளிக் கோட்டு மாதிரி.
கழற்றி மாட்ட ஆணி கிடைக்கவில்லை."

அவர் தலையசைத்தபடி தட்டினார். எஸ், ஈ, வி.
மீதியை இயந்திரமே முடித்தது,
பக்கத்தில் ஸ்ட்ரெஸையும் கொண்டுவந்து வைத்தது.

எய்ல்சா பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்த நிரலுக்குப் பட்டியலை விற்றது அவர்கள் நிறுவனம்தான்.
அந்த ஜோடியை எண்ணியது அவள்,
நாலு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம்,
சளியோடு.

"அது இல்லை," என்றாள்.

டாக்டர் விரலை நிறுத்தினார்.
வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், யாரோ இருமினார்கள்.
பின்னோக்கும் விசையை அழுத்தி
எழுத்தெழுத்தாக அழித்தார்.
வெட், என்று அடித்தார்.
அடியில் ஒரு நீலக் கோடு நெளிந்தது.
அப்படியே விட்டார்.

நாலு வாரம் விடுப்பு.
பேருந்தில் சீட்டைப் பிரித்துப் படித்தவள்
பழக்கதோஷத்தில் எண்ணினாள்:

வெட் ஸ்ட்ரெஸ், ஒன்று.

ஒரே ஒரு தடவை வந்ததை
அகராதியில் சேர்ப்பதில்லை.
அது அவளுக்குத் தெரியும்.
சீட்டை மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டாள்.
வெளியே மழை. ஹெவி இல்லை.
டே ஆற்றின்மேல்
என்ன பெயர் வைப்பதென்று தெரியாத
ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது.